முந்தும் உரிமை: பெர்த் வரிசையும் சுவிட்சுக்குள் நிற்கும் வரிசையும்

தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இயற்கை தந்த குடாவில் அமைந்ததன்று. கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் அலைதடுப்புச் சுவர்களை எழுப்பி, அவற்றின் நடுவே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கி, அதில் கப்பல்கள் வந்து அணைந்து நிற்பதற்கான பெர்த்துகளை அமைத்துப் படைக்கப்பட்ட இத்துறைமுகம், 1974 ஜூலை 11 அன்று நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாவின் இந்தக் கரையில், அதற்கு முன்பு பெரிய கப்பல்கள் கரையை அணுக இயலாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, தோணிகள்தாம் சரக்கைக் கப்பலுக்கும் கரைக்குமாகச் சுமந்து வந்தன. புதிய துறைமுகம் வந்த பிறகு கப்பல் நேராகப் பெர்த்தில் வந்து அணைய முடிந்தது என்றாலும், பெர்த்துகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. கப்பல்கள் வரும் வேளைக்கு அப்படி எல்லை வகுக்க முடியாது. எனவே, இரண்டு கப்பல்கள் ஒரே பெர்த்துக்காகக் காத்து நிற்கும்போது எது முதலில் உள்ளே வருவது என்பதற்கு எழுதப்பட்ட விதி வேண்டியதாயிற்று.

இந்தியப் பெருந்துறைமுகங்கள் இதற்கு நெடுங்காலமாகக் கையாண்டுவந்த முறை கவனிக்கத்தக்கது. பொதுவாக வந்த வரிசைப்படியே பெர்த் ஒதுக்கப்படும்; அவ்வரிசையை மீறி முன்னால் வர விரும்பும் கப்பலுக்கு ‘முன்னுரிமை பெர்த்’ என்றும், ஏற்கெனவே பெர்த்தில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கும் கப்பலை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும் கப்பலுக்கு ‘வெளியேற்று முன்னுரிமை’ என்றும் இருவகைச் சலுகைகள் உண்டு. இவை இலவசமல்ல. கட்டணப் பட்டியல்களின்படி முதலாவதற்குப் பெர்த் வாடகையில் 75 விழுக்காடும் இரண்டாவதற்கு 100 விழுக்காடும் கூடுதலாகச் செலுத்த வேண்டும்; அத்தொகை ஒரு நாள் வாடகைக்குக் குறையவும் கூடாது. அவசரம் உண்மையானதா என்று துறைமுக அதிகாரி ஒவ்வொரு கப்பலையும் விசாரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லாமல், விலையே அதைச் சோதித்துவிடுகிறது.

இதே சிக்கல், துறைமுகத்தின் கணினி வலையமைப்பை இணைக்கும் சிறிய பெட்டிகளுக்குள் ஒரு நொடியில் பல்லாயிரம் முறை எழுகிறது. கேபிள்கள் வந்து கூடும் அந்தப் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். செருகியவுடன் தானே இயங்கி, வந்ததை வந்தபடியே அனுப்பும் எளிய வகை ஒன்று. எந்தத் தரவை எப்படி நடத்த வேண்டும் என்று பொறியாளர் கட்டளையிட இடமளிக்கும் ‘மேனேஜ்டு சுவிட்ச்’ மற்றொன்று. இந்த இரண்டாம் வகையில் எழுதப்படும் முன்னுரிமை விதிகளின் தொகுப்பே ‘குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்’, அதாவது சேவைத்தரக் கொள்கை எனப்படுகிறது. பெர்த்துக்குரிய விதியோடு இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படையானது. ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு வேற்றுமையிலிருந்துதான் இந்தத் துறையின் பெரும்பாலான நுணுக்கங்கள் பிறக்கின்றன. வலையமைப்பில் முந்திச் செல்லக் கட்டணம் கிடையாது; ஆகவே எல்லோரும் முந்தவே கேட்பார்கள்.

சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் எந்த முனையத்தையும் எடுத்துக்கொண்டால், அதன் கேபிள்களில் ஒன்றுக்கொன்று இயல்பில் முற்றிலும் மாறுபட்ட தரவுகள் கலந்து ஓடுகின்றன. கிரேன் ஓட்டுநருக்கும் யார்டில் ஓடும் டிரெய்லருக்கும் அடுத்து எந்தப் பெட்டகத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லும் பணியாணைகள் அளவில் மிகச் சிறியவை, ஆனால் தாமதமானால் கப்பலின் அருகே வேலை நின்றுவிடும். கேட்டில் லாரியின் எடையையும் ஆவணத்தையும் சரிபார்க்கும் கணினிகள் விட்டுவிட்டுப் பேசுபவை. கண்காணிப்புக் கேமராக்கள் ஓய்வே இல்லாமல் ஒரே சீராகப் படத்தை அனுப்பிக்கொண்டிருப்பவை. ஐ.பி. தொலைபேசி குரலைப் பேக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாக்கி, பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒன்றாக, நொடிக்கு 50 பேக்கெட் வீதம் அனுப்புகிறது. ஓர் உரையாடலுக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 87 கிலோபிட் வேகம் போதும், ஆனால் அந்த 50 பேக்கெட்டும் சீரான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். பேசுபவர் வாயிலிருந்து கேட்பவர் காதுவரை தாமதம் 150 மில்லிநொடிக்குள் அடங்குவது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. இவற்றுக்கெல்லாம் நடுவே, அன்றைய கோப்புகளைச் சேமிப்பகத்துக்கு நகலெடுக்கும் பணி ஒன்று நடக்கும். அது இணைப்பு முழுவதையும் விழுங்கவல்லது, ஆனால் பத்து நிமிடம் பிந்தி முடிந்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

நெரிசல் எங்கே உண்டாகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். கேட் அலுவலகத்தில் கேபிள் செருகும் 24 போர்ட் கொண்ட ஒரு சுவிட்ச் இருப்பதாகவும், போர்ட் ஒவ்வொன்றும் நொடிக்கு 1 கிகாபிட் வேகமுடையதாகவும், அங்கிருந்து மையத்துக்குச் செல்லும் ‘அப்லிங்க்’ இணைப்பும் அதே 1 கிகாபிட் வேகத்திலேயே இருப்பதாகவும் கொள்ளலாம். தலா 4 மெகாபிட் வீதம் 16 கேமராக்கள் 64 மெகாபிட்டை அனுப்புகின்றன. அது பெரிய அளவன்று. அதே வேளையில் ஒரு கணினி தன் கோப்புகளை 1 கிகாபிட் முழு வேகத்தில் மையத்துக்குத் தள்ளத் தொடங்கினால், வெளியே போக வேண்டிய தரவு வழியின் கொள்ளளவைவிட 64 மெகாபிட், அதாவது நொடிக்கு 8 மெகாபைட், மிகுந்துவிடுகிறது. மிகுந்ததைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொள்ளச் சுவிட்சுக்குள் ‘பஃபர்’ என்னும் நினைவகம் உண்டு. அது ஒன்றரை மெகாபைட் என்றால், ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வரும் பேக்கெட், அது குரலா கோப்பா என்று பார்க்கப்படாமல், வாசலிலேயே தள்ளுபடியாகும். கோப்பை அனுப்பும் டி.சி.பி. நெறிமுறை இழப்பைக் கண்டுகொண்டு வேகத்தைக் குறைத்து, இழந்ததை மீண்டும் அனுப்பி, பிறகு திரும்பவும் வேகத்தைக் கூட்டும். ஆகவே பஃபர் நிரம்புவதும் வடிவதும் மாறி மாறி நடக்கும். மறு அனுப்புதலுக்கு இடமில்லாத முறையில் வரும் கேமராப் படமோ கட்டம்கட்டமாகச் சிதையும். தொலைபேசியில் சொற்கள் விட்டுப்போகும். நெரிசலை உண்டாக்கியது நகலெடுக்கும் பணி; அதன் விளைவை உடனே அனுபவிப்பவை மற்றவை. இந்த அநீதியை நீக்குவதற்காகவே சேவைத்தரக் கொள்கை தேவைப்படுகிறது.

செய்திகளுக்குள் தரம் பிரிப்பது கணினிக் காலத்துக்கு முன்பே இருந்த வழக்கம். 2013 ஜூலையில் முடிவுக்கு வந்த இந்தியத் தந்திச் சேவையில் சாதாரணத் தந்தி, எக்ஸ்பிரஸ் தந்தி என்ற பிரிவுகள் இருந்தன. டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்ற மூன்று படிகளும் அவற்றுக்குரிய கட்டண வேறுபாடும் நன்கு தெரியும். இராணுவத் தந்தியிலும் இவ்வாறான படிகள் வழங்கின. 1981இல் இணைய நெறிமுறையை வரையறுத்த ஆவணம், ஒவ்வொரு பேக்கெட்டின் தலைப்பிலும் மூன்று பிட் இடத்தை முன்னுரிமைக்கென ஒதுக்கியபோது, அதன் எட்டுப் படிகளுள் ரொட்டீன், பிரயாரிட்டி, இம்மீடியட், ஃபிளாஷ் ஆகியவற்றை அந்த இராணுவ வழக்கிலிருந்தே எடுத்துக்கொண்டது. 1998 டிசம்பரில் அந்த இடம் ஆறு பிட்டாக விரிக்கப்பட்டு, 0 முதல் 63 வரை 64 குறிகள் எழுத வழி செய்யப்பட்டது, ‘டி.எஸ்.சி.பி.’ என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். குரலுக்கு வழக்கமாக இடப்படும் 46 என்ற குறி இந்தத் தொகுப்பைச் சேர்ந்தது. ஈதர்நெட் அளவில் இதற்கு இணையாக, 802.1கியூ என்ற தரநிலையின்படி சேர்க்கப்படும் நான்கு பைட் பட்டையில் மூன்று பிட் உண்டு. அதில் 0 முதல் 7 வரை படிகள் எழுதலாம். இதில் ஒரு வழுக்கல் உள்ளது: எண் ஏற ஏற மதிப்பும் ஏறும் என்ற பொதுவிதிக்கு மாறாக, 1 என்பது 0ஐவிடத் தாழ்ந்தது, பின்னணி வேலைகளுக்கென அது ஒதுக்கப்பட்டது.

கொள்கையை அமைப்பதில் முதல் வேலை இனம்பிரித்தல். எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது, எந்த வி.லேனைச் சேர்ந்தது, எந்த முகவரிக்குப் போகிறது, எந்த மென்பொருளுக்குரிய எண்ணைத் தாங்கியிருக்கிறது என்பவற்றைக் கொண்டு சுவிட்ச் பேக்கெட்டுகளை வகைகளாகப் பிரிக்கிறது. வி.லேன் என்பது ஒரே கேபிளுக்குள் பல வலையமைப்புகளைத் தனித்தனியே ஓடவிடும் ஏற்பாடு. இரண்டாவது வேலை, பிரித்த வகைக்குரிய குறியை எழுதுவது. இந்த இடத்தில்தான் கட்டணமில்லா முன்னுரிமையின் தொல்லை தலைகாட்டுகிறது. 46 என்ற குறியைத் தொலைபேசிதான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மேசையில் உள்ள கணினியும், அதில் நிறுவப்பட்ட எந்த மென்பொருளும், கேட்பாரின்றி அதை எழுதிக்கொள்ள முடியும். எல்லாப் பேக்கெட்டும் உயர்ந்த குறியோடு வந்து நின்றால் குறிக்கே பொருள் போய்விடும். ஆதலால், வரும் குறியை எங்கே அப்படியே ஏற்பது, எங்கே அழித்து எழுதுவது என்ற எல்லையைப் பொறியாளர் வரைந்தாக வேண்டும். அதற்கு ‘நம்பிக்கை எல்லை’ என்று பெயர். நிறுவனமே பொருத்திய தொலைபேசியின் குறியை நம்பலாம். ஒப்பந்தக்காரரின் மடிக்கணினி செருகப்படும் போர்ட்டில் வரும் குறி எதுவாயினும் 0 ஆக்கிவிடுவதே முறை. பெர்த் வாடகையின் கூடுதல் விழுக்காடு துறைமுகத்தில் செய்கிற வேலையை வலையமைப்பில் இந்த எல்லையே செய்கிறது.

எல்லைக்கு உள்ளே அனுமதிக்கப்பட்டவற்றுக்கும் அளவு வேண்டும். அதற்கு இருவழிகள் உள்ளன. ஒரு வகைக்குக் குறித்த வேகம் நிர்ணயித்து, அதற்கு மேல் வருவதை உடனே தள்ளுபடி செய்வதோ தாழ்ந்த குறிக்கு இறக்குவதோ ‘போலீஸிங்’ எனப்படும். மிகுந்ததைத் தள்ளாமல் பஃபரில் நிறுத்தி, சீரான வேகத்தில் பையப்பைய அனுப்புவது ‘ஷேப்பிங்’ எனப்படும். இரண்டும் டோக்கன் கணக்கில் இயங்குகின்றன: நிர்ணயித்த வேகத்தில் டோக்கன்கள் சேர்ந்துகொண்டே வரும், பேக்கெட் ஒவ்வொன்றும் தன் அளவுக்கேற்ற டோக்கனைச் செலவழித்தே போக முடியும், சிறிது நேரம் அமைதியாக இருந்த வகைக்குச் சேர்ந்துள்ள டோக்கன்களால் ஒரு குறுகிய வேகப்பாய்ச்சலுக்கு இடம் கிடைக்கும். அந்தச் சேமிப்பின் உச்ச அளவை மிகச் சிறிதாக அமைத்துவிட்டால், சராசரியில் வரம்புக்குள் இருக்கும் கேமராவின் தரவுகூடத் தள்ளுபடியாகும். கேமரா ஒரு முழுப்படத்தை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு அடுத்த கணம் சும்மா இருப்பது அதன் இயல்பு. அமைப்புத் திரையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இந்த ஓர் எண், வேக வரம்பைவிடவும் அதிகத் துன்பம் தரவல்லது.

அடுத்தது வரிசைகள். வெளியேறும் போர்ட்டில் ஒரே வரிசை இருப்பதற்குப் பதிலாக, மேனேஜ்டு சுவிட்சுகளில் வழக்கமாக நான்கோ எட்டோ வரிசைகள் இருக்கும். எந்தக் குறி எந்த வரிசைக்கு என்று ஓர் அட்டவணை சொல்லும். வரிசைகளுக்குள் யாரை எப்போது அனுப்புவது என்பதில் இரு முறைகள் பெருவழக்கு. உயர்ந்த வரிசையில் ஒன்று நின்றாலும் அது போன பிறகே அடுத்ததைத் தொடுவது ‘கண்டிப்பான முன்னுரிமை’. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பங்கைக் குறித்து, முறைவைத்துச் சுற்றி வருவது ‘எடையிட்ட சுழல்முறை’. சுழல்முறையில் பேக்கெட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால், பெரிய பேக்கெட் அனுப்புபவன் ஆதாயம் அடைவான்; பைட் அளவில் கணக்கு வைத்து, இந்தச் சுற்றில் மிச்சமான பங்கை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்லும் எளிய தீர்வை 1995இல் ஷ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் ஆகிய இருவரும் வெளியிட்டனர். வன்பொருளில் மலிவாகச் செய்ய முடிந்த நியாயப் பங்கீடு என்பதே அதன் சிறப்பு. நடைமுறையில் இரண்டையும் கலப்பதே சரி: குரல் ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பான முன்னுரிமை தந்து, அதற்கும் போலீஸிங் வரம்பு வைத்து, மற்றவற்றைச் சுழல்முறையில் விட வேண்டும். வரம்பில்லாத கண்டிப்பான முன்னுரிமையில், உயர்ந்த வரிசையில் தவறான தரவு ஒன்று புகுந்துவிட்டால் கீழ் வரிசைகள் அனைத்தும் பட்டினி கிடக்கும்.

வெளியேற்று முன்னுரிமைக்கு இணையானது ஈதர்நெட்டில் நெடுங்காலம் இல்லை. ஒரு பேக்கெட் கேபிளில் புறப்பட்டுவிட்டால், எவ்வளவு அவசரமானது வந்தாலும் அது முழுவதும் போய் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 1 கிகாபிட் இணைப்பில் 1,500 பைட் பேக்கெட்டுக்கு அந்தக் காத்திருப்பு சுமார் 12 மைக்ரோநொடி. குரலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு அதுவும் மிகையென்று பட்டபோது, ஓடிக்கொண்டிருக்கும் பேக்கெட்டை இடையில் நிறுத்தி, அவசரமானதை விட்டு, நிறுத்தியதைத் தொடரும் முறை 2016இல் தரநிலையாக வந்தது.

கேட் அலுவலகச் சுவிட்சுக்குத் திரும்பினால், அங்கே எழுத வேண்டிய கொள்கை இவ்வாறு அமையும். தொலைபேசிகள் குரலுக்கான வி.லேனில் இருக்க, அதிலிருந்து வரும் 46 குறியை நம்பி மேல் வரிசைக்கு அனுப்பி, அவ்வரிசைக்குச் சில மெகாபிட் வரம்பு வைக்கலாம். ஐம்பது உரையாடல்கள் ஒரே நேரத்தில் நடந்தாலும் நான்கரை மெகாபிட்டைத் தாண்டாது. பணியாணைகளும் கேட் கணினிகளின் பரிமாற்றமும் இரண்டாம் வரிசை. அவற்றின் குறியைச் சேவையகத்தின் முகவரியைப் பார்த்துச் சுவிட்சே எழுத வேண்டும். கேமராக்களுக்கு மூன்றாவது வரிசையில் 64 மெகாபிட்டுக்குச் சற்றுக் கூடுதலான உறுதிப் பங்கு. நகலெடுக்கும் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமையைக் காட்டும் 8 என்ற குறியிட்டுக் கடைசி வரிசை. சுழல்முறையில் ஒரு வரிசை தன் பங்கைப் பயன்படுத்தாதபோது அது மற்றவற்றுக்குப் போய்விடுவதால், நள்ளிரவில் கேட் அமைதியாக இருக்கும் வேளையில் நகலெடுக்கும் பணி ஏறத்தாழ முழு வேகத்தில் ஓடும். அதன் வேகத்தை நிரந்தரமாக வெட்டிவைக்காமல் கடைசி வரிசையில் விடுவதன் பயன் இதுவே.

இதைவிடக் கடுமையான இடம் வளாகத்துக்கு வெளியே செல்லும் வாடகை இணைப்பு. மேலே சொன்ன ஒன்றரை மெகாபைட் பஃபர் 1 கிகாபிட் இணைப்பின் வாயிலில் நிரம்பி நின்றாலும் 12 மில்லிநொடியில் வடிந்துவிடும். அதே அளவு, 10 மெகாபிட் இணைப்பின் வாயிலில் வடிய 1.2 நொடி ஆகும், அதற்குள் உரையாடல் சீர்குலைந்துவிடும். இணைப்பைத் தரும் நிறுவனத்தின் கருவியில் இந்த வரிசை உருவாக இடம் கொடுத்தால், அங்கே நம் விதி செல்லாது. எனவே வெளியேறும் வேகத்தைச் சொந்தக் கருவியிலேயே வாடகை வேகத்துக்குச் சற்றுக் கீழே ஷேப்பிங் செய்து, வரிசை நம் பக்கமே நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடியிலிருந்து மன்னார் வளைகுடாவின் அடியில் இலங்கையின் கல்கிசைக்குச் செல்லும் பாரத்-லங்கா கேபிளைப் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் ஸ்ரீலங்கா டெலிகாமும் இணைந்து 2006இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தன. அத்தகைய பெருவழியில் ஏறிய பிறகு ஒரு நிறுவனத்தின் சொந்தக் குறிகளுக்கு, ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலொழிய, எந்த மதிப்பும் இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

கொள்கையைச் சுவிட்சில் ஏற்றும் நாளில் நேரும் இடர் ஒன்றையும் சொல்ல வேண்டும். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960, 3560 வரிசைச் சுவிட்சுகள் இந்தியாவில் இன்றும் பல அலுவலகங்களில் உள்ளன. அவற்றில் சேவைத்தரம் என்ற பொதுக்கட்டளையை இட்ட கணமே எல்லாப் போர்ட்டுகளும் நம்பத்தகாதவையாகக் கருதப்பட்டு, வரும் குறிகள் 0 ஆக்கப்படும். அதுவரை பொதுவாகக் கிடந்த பஃபரும் வரிசைகளுக்கிடையே பங்கிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சுருங்கிவிடும். அதன் விளைவாக, சீர்செய்யப் போட்ட கட்டளைக்குப் பிறகே பேக்கெட் இழப்பு கூடுவதைப் பலரும் கண்டு, அம்சத்தையே அணைத்துவிடுகிறார்கள். பஃபர் பங்கீட்டையும் நம்பிக்கை எல்லையையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு பொதுக்கட்டளையைக் கடைசியில் இடுவதும், வேலை குறைந்த ஒரு போர்ட்டில் முதலில் சோதிப்பதும் இதற்கு மாற்று.

இவ்வளவும் செய்தாலும் வழியின் கொள்ளளவு ஒரு பிட்கூட அதிகரிக்காது. முன்னுரிமை என்பது யார் காத்திருப்பது என்ற முடிவே தவிர, காத்திருப்பை ஒழிக்கும் வித்தையன்று. ஆகவே அந்த முடிவைப் பொறியாளர் தனியே எடுப்பது தவறு. துறைமுகத்தைக் காக்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்குக் கேமராப் படமே முதன்மை. கப்பல் போக்குவரத்தைக் கவனிப்போருக்குப் பணியாணைகள். சுங்கத்துறைக்கு ஆவணப் பரிமாற்றம். எதை முன்னால் விடுவது என்று கேட்டால் மூவரும் தத்தம் பணியையே சொல்வார்கள். எது எத்தனை நொடி தாமதித்தால் எந்த வேலை நிற்கும் என்று கேட்டுப் பதிலை எழுதி வாங்கினால், பட்டியல் தானாகவே அடுக்காகிவிடும். பெர்த் ஒதுக்கீட்டு விதி எல்லாக் கப்பல் முகவர்களும் படிக்கக்கூடிய ஆவணமாக இருப்பதுபோல, இந்தப் பட்டியலும் சுவிட்சின் கட்டளை வரிகளுக்குள் புதைந்து கிடக்காமல், ஒப்பமிட்ட ஒரு தாளாக அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

அதன் பிறகு மிஞ்சுவது எண்ணிக்கைகளைப் படிப்பது. ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேக்கெட் போயின, எத்தனை தள்ளுபடியாயின என்பதைச் சுவிட்ச் தானே கணக்கு வைத்துக்கொள்கிறது. கடைசி வரிசையில் மட்டும் இழப்பு தெரிந்தால் கொள்கை சரியாக வேலை செய்கிறது. குரல் வரிசையில் இழப்பு தெரிந்தால் வரம்பு தவறானது அல்லது யாரோ குறியைத் திருட்டுத்தனமாக எழுதுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் பட்டப்பகலில் நாள்தோறும் இழப்பு தெரிந்தால், விதியைத் திருத்திப் பயனில்லை, அப்லிங்க்கை 10 கிகாபிட்டுக்கு உயர்த்தப் பணம் ஒதுக்க வேண்டிய வேளை வந்துவிட்டது.